வேலைக்குப் போயிருக்கான், சாயந்தரம் வருவான்

பாபு,

நேற்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய்: "ஏம்மா, பெரிம்மா ஏன் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறாங்க? நான் இன்னா பண்ணேன்?" நான் உன் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "வயசாகுதில்ல, அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கை தவறி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். ஒன்பது சட்டை. எண்ணுவதற்கே அதில் ஒன்றுமில்லை. உன் பெரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. முகம் பார்த்துப் பேச முடியாமல் போகிற வயதா அது? காரணம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ புனேவுக்கு ரயில் ஏறிவிடுவாய். எதிரே உட்கார்ந்து சொல்லலாம் என்றால் என் வாயைப் பற்றி உனக்கே தெரியும், பாதியில் உன்னையே திட்ட ஆரம்பித்துவிடுவேன். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்கழி மதியம். கல்யாணம் கிடையாது, பட்டுச் சேலை கேட்டு ஒரு ஆள் வரப்போவதில்லை. பில் மெஷின் சும்மாதான் கிடக்கிறது.

முதலில் அந்தப் பெயர். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உன் தாத்தா பெயர் ஏகாம்பரம். மூத்த பேரனுக்கு அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். பங்குனியில் பெரியம்மாவுக்கு அப்பு பிறந்தான், அவனுக்கு வைத்தார்கள். ஐப்பசியில் நீ பிறந்தாய். உன் அப்பா உனக்கும் அதே பெயர்தான் என்று நின்றார். "ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு ஒரே பேரா?" என்று கேட்டேன். "எனக்கும் அவருதானே அப்பா" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? எங்களுக்கும் அதனால் ஒரு சிரமமும் இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் நானும் பெரியம்மாவும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எழுதலாம், சொல்லக்கூடாது. யார் போட்ட சட்டமோ. ஆஸ்பத்திரியிலும் ரேஷன் ஆபீசிலும் "புள்ள பேரு இன்னா?" என்று கேட்டால் உங்களை முன்னால் தள்ளிவிட்டு, "நீ சொல்லு கண்ணு" என்போம். ஒரு கிளார்க்குக்குக் கோபம் வந்து, "பெத்த புள்ள பேரு தெரியாத அம்மாவா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வீட்டில் அவன் அப்பு, நீ பாபு. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு பள்ளிக்கூடம். ஒரே நாளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். உனக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. "ரெட்டப் புள்ளைங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க சார், பெரியவரு புள்ள ஒன்னு, சின்னவரு புள்ள ஒன்னு" என்றேன். "சரி, ரெண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டுடறேன், உங்களுக்கும் ஞாபகம் வச்சுக்கச் சுலபம்" என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். நம் பக்கத்தில் பாதிப் பேர் அந்த மாதத்தில்தானே பிறந்திருக்கிறார்கள். நானும் சரிங்க சார், ரொம்ப நன்றிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேதி டிசியில் ஏறி, மார்க் ஷீட்டில் ஏறி, ஆதாரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உங்கள் அப்பாக்கள் மாசிலாமணி, முனுசாமி. இங்கிலீஷில் இரண்டும் எம். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தோம், கதவு எண்ணைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆக, எம். ஏகாம்பரம், ஒரே பிறந்த தேதி, ஒரே கதவு எண், ஒரே தெரு. எங்களுக்கு நீங்கள் இரண்டு பிள்ளைகள். எங்கோ ஒரு ஊரில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரே ஆள். அவனை மட்டும் குறை சொல்லி என்ன?

அப்பு வண்டி எடுத்தது உனக்கு நினைவிருக்கும். பைனான்ஸ் போட்டு எடுத்தான். அப்போது அவனிடம் பான் கார்டு இல்லை. பெயர், பிறந்த தேதி, விலாசம், பெரியம்மாவின் போன் நம்பர் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தான். ஆறு தவணை கட்டினான். ஏழாவது மாதம் கண்ணமங்கலம் ரோட்டில் லாரி. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் சொன்னவன் நீ. பெயரைக் கேட்டபோது உன் பெயரையே சொல்ல வேண்டியிருந்தது என்று வந்து சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. கடன் என்று ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. காரியம் முடிந்தது, பந்தல் பிரித்தாயிற்று, வந்தவர்கள் போய்விட்டார்கள். பெரியப்பாவும் முன்பே போய்விட்டவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா தனியாக இருந்தாள்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பெரியம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவள் பேசுவாள். ஒரு பெண் குரல், மரியாதையான குரல், "ஏகாம்பரம் சார் இருக்காருங்களா மேடம்?" என்று கேட்டது. நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். உன் பெரியம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "இருக்கான்மா. வேலைக்குப் போயிருக்கான், சாயந்தரம் வருவான்" என்றாள். தவணை பாக்கி இருக்கிறது, வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்றது அந்தப் பெண். "சொல்றேம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள் உன் பெரியம்மா.

போனை வைத்த பிறகு, "இன்னாக்கா இது?" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் குழம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு மாசம் தவறாம கேக்குது. நம்ம ஜனத்துல யார்னா கேக்கறாங்களா? காரியத்தோட சரி. இவ ஒருத்திதான் அவன் இருக்கானான்னு கேட்டுகினு இருக்கா. இல்லன்னு எப்டிடி சொல்றது?" என்றாள். யாரோ ஒரு கம்பெனிக்காரன், அவனுக்கு என்ன நஷ்டம் வந்துவிடப்போகிறது, இவள் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் மகனோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கழுவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் முதல் தப்பு அது. உன்னிடம் அதை மறைத்தது இரண்டாவது.

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இந்தக் கடையில் ஒவ்வொரு பில்லுக்கும் போன் நம்பர் போட்டால்தான் மெஷின் அடுத்த கட்டத்துக்குப் போகும். நம்பர் தர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு நானே ஏதோ பத்து எண்ணைத் தட்டிவிடுவேன். பல வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். யார் வீட்டுப் போனில் எங்கள் கடை மெசேஜ் போய் மணி அடித்ததோ, யாருடைய பெயரில் யார் சேலை வாங்கினார்களோ. உன் விஷயம் நடக்கும் வரை அது ஒரு தப்பு என்றே எனக்குத் தோன்றியதில்லை. இப்போது நம்பர் இல்லாவிட்டால் பில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

போன் பேசும் பெண் சும்மா இருக்கவில்லை. எங்கே வேலை செய்கிறார், எந்த ஷிப்ட், எப்படிப் போகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். அப்பு ஐடிஐயைப் பாதியில் விட்டவன், நிலையான வேலை என்று ஒன்றும் பார்த்ததில்லை. பெரியம்மா என்ன சொல்வாள்? சுவருக்கு இந்தப் பக்கம் தினமும் காதில் விழுவதைச் சொன்னாள். செய்யாறு கம்பெனி என்றாள். காலை ஷிப்ட் என்றாள். கம்பெனி பஸ்ஸில் போகிறான் என்றாள். "இப்பல்லாம் கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கல, டப்பா கட்டிக்குடுத்து அனுப்பறேன்" என்றாளாம். அந்த டப்பா கட்டினவள் நான். அது உன் கம்பெனி, உன் ஷிப்ட், உன் வயிறு. எல்லாவற்றையும் எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பேர் உன் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். பஸ் வந்து நின்று எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். "ஏகாம்பரம் யாருப்பா?" என்று கேட்டார்கள். நீ கையைத் தூக்கினாய். வேறு என்ன செய்வாய், உன் பெயர்தானே. "வண்டி மட்டும் ஜல்தியா எடுத்துக்கற, துட்டு கட்றதுன்னா அம்மாவ உட்டு சாயந்தரம் வருவான்னு சொல்ல வைக்கிறியா?" என்று அத்தனை பேர் எதிரே சத்தம் போட்டார்கள். ஒருவன் உன்னைப் போட்டோ எடுத்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைச் சுவரில் அடித்தாய். "நீ எப்பம்மா அவனுங்ககிட்ட பேசின? கம்பெனி பேரு தெரியுது, ஷிப்ட் தெரியுது, எப்டிம்மா?" என்று கத்தினாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமாம்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் உன் பேங்க் வேலை. மூன்று தடவை எழுதி நாலாவது தடவை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று உன் அப்பா ரைஸ் மில்லில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்; அவர் யாருக்காவது ஏதாவது வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சேருவதற்கு முன் உன் பெயரில் பாக்கி எதுவும் இல்லை என்று கடன் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்றார்கள். கம்பெனி வாசலுக்கு வந்தவர்கள் ஆள் மாறி வந்தவர்கள் என்று நினைத்து நீ தைரியமாக எடுத்தாய். இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காதவன் நீ. ரிப்போர்ட்டில் வண்டிக் கடன், கட்டாத தவணை, வசூலுக்கு அனுப்பிய விவரம் எல்லாம் உன் பான் நம்பருக்குக் கீழே வரிசையாக நின்றது. ரிப்போர்ட் கொடுத்தவர்களுக்குப் புகார் எழுதினாய். "கடன் கொடுத்தவரிடம் விசாரித்தோம், விவரம் சரியானது" என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. மறுபடி எழுதினாய். அதே பதில். பதிமூன்று தடவை எழுதினாய். நான் ஒவ்வொன்றையும் உனக்குப் பின்னால் நின்று படித்தேன். இங்கிலீஷ் எனக்குச் சரியாக வராது, ஆனால் அந்தப் பதிலின் முகம் எனக்குப் பழகிவிட்டது.

வேலூரில் அந்த பைனான்ஸ் ஆபீசுக்கே போனாய். நகராட்சியில் அப்புவின் இறப்புச் சான்றிதழ் நகல் வாங்கிக்கொண்டு போனாய். அதிலும் அதே பெயர், அதே எம், அதே விலாசம்; அப்பா பெயர் மட்டும் வேறு, ஆனால் கடன் பேப்பரில் வெறும் எம்தான் இருந்தது. அங்கே இருந்தவன் அதைப் பார்த்தான், உன் ஆதாரைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். "உயிரோட இருக்கற ஆளே தன் பேர்ல டெத் சர்டிபிகேட் வாங்கினு வந்து நிக்கறீங்களே, நல்லா இருக்கு சார்" என்றானாம். எங்கள் ரெக்கார்டில் கஸ்டமர் உயிரோடு இருக்கிறார், வீட்டார் மாதாமாதம் பேசியிருக்கிறார்கள், இறந்தவர் வேறு ஆள் என்றால் அவருடைய அம்மா நேரில் வந்து சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டான். நீ வந்து சொன்னபோது, "எவனோ பேசினேன்னு பொய் எழுதி வச்சிருக்கான்மா, இவனுங்க வேலயே இதான்" என்றாய். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நீ தட்டில் கை வைத்துவிட்டாய், சாப்பிடட்டும் என்று விட்டேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே போய்விட்டது.

பேங்க்காரர்கள் ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள். நான் பெரியம்மாவிடம் போய் நின்றேன். "திங்கக்கெழம போலாம்" என்றாள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கதவில் பூட்டு. தேசூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. உன்னிடம், "பெரிம்மாவுக்குக் காய்ச்சல்டா, மெதுவா போலாம்" என்றேன். நீ நம்பினாய். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா என்று கூடக் கேட்டாய். கெடு முடிந்தது. இரண்டு வரியில் லெட்டர் வந்தது. நீ அதைப் படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காபி இருக்காம்மா?" என்றாய். நான் போட்டுக் கொடுத்தேன். நீ அழவில்லை, நானும் அழவில்லை. அன்றைக்கு எனக்கு ஏதோ மரத்துப்போனது, பாபு. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, அந்த மாதிரி. இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

தேசூரிலிருந்து அவள் வந்த அன்று நான் பேசிய பேச்சை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "செத்தவன உயிரோட வச்சுக்கறதுக்கு உயிரோட இருக்கற எம் புள்ளய சாவடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்றேன். முப்பது வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவளை அடி போடி என்றேன். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், ஆய்ந்து முடித்து, தண்டை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? எல்லாம் தெரிந்தும் குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவள்தானே நானும். அவளைத் திட்டும்போது பாதி என்னைத்தான் திட்டினேன்.

பிறகு ஒருநாள் மதியம் இதே கடைக்கு வந்தாள். நான் ஒரு கல்யாண பார்ட்டிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் போகும் வரை காத்திருந்தாள். அப்புறம் எழுந்து வந்து, "வா, போலாம்" என்றாள். "வேல போயிடுச்சேக்கா, இப்பப் போயி இன்னா ஆவப்போவுது?" என்றேன். "அவம் பேரு அதுலயே கெடக்குதே. நாளைக்கு வூடு கட்டணும்னா, இன்னொரு வேலைக்குப் போவணும்னா மறுபடியும் வந்து நிப்பானுங்க. ஏந்திரி" என்றாள். முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினோம். அப்பு போன பிறகு அவள் அந்த ரோட்டில் வந்ததே இல்லை. கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது, பூ விற்கிறவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "எந்த எடம்?" என்று கேட்டாள் பெரியம்மா. இன்னும் அந்த இடம் வரவில்லை. "அது தாண்டிடுச்சுக்கா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பொய்யை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆபீசில் இருந்தவன் உன் வயதுக்காரன். கெட்டவன் இல்லை, தண்ணீர் கொடுத்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் தட்டி, "மேடம், ஆனா ரெக்கார்டிங் இருக்குதே" என்று போட்டுக் காட்டினான். அவள் குரல். இருக்கான்மா, வேலைக்குப் போயிருக்கான், சாயந்தரம் வருவான். அடுத்த மாதம், அதே குரல். அதற்கடுத்த மாதம். பின்னால் எங்கேயோ என் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நாலாவதில் அவன் நிறுத்தினான். "இது உங்க வாய்ஸ்தானுங்களா?" என்றான். "என்னுதுதான். இன்னொரு வாட்டி போடறியா?" என்றாள் அவள். அவன் என்னைப் பார்த்தான். போட்டான். அவள் கடைசிவரை கேட்டாள்.

அப்புறம் அவள் சொல்வதை வீடியோவில் பதிவு செய்ய அவன் கேமராவைத் திருப்பி வைத்தான். கடன் வாங்கினவர் பெயர், உங்களுக்கு என்ன உறவு, என்ன ஆயிற்று, மூன்றையும் சொல்ல வேண்டும் என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, "தம்பி, அவங்க பேர சொல்ல மாட்டாங்க, மாமனார் பேரு, நான் எழுதித் தர்றேன்" என்றேன். "எழுதினா செல்லாதுங்க மேடம், வாயால சொல்லணும். ரெண்டு எம். ஏகாம்பரம் இருக்காங்கன்னு சொல்றீங்க, எந்த எம்முன்னும் தெளிவா சொல்லணும்" என்றான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உன் பெரியம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"மாசிலாமணி புள்ள ஏகாம்பரம். நான் பெத்தவன். செத்துட்டான். முனுசாமி புள்ள ஏகாம்பரம் உயிரோட இருக்கான். அவன் ஒன்னும் வாங்கல. அவன உட்டுடுங்க."

புருஷன் பெயர், மாமனார் பெயர், கொழுந்தன் பெயர். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவள் வாயில் வராத மூன்று பெயர். அதோடு அந்த நாலாவது வார்த்தை. அப்பு போன அன்றைக்குக்கூட, போயிட்டான் போயிட்டான் என்றுதான் அழுதாள். அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "ஓகே மேடம், சேவ் ஆயிடுச்சு" என்றான் அவன். வெளியே வந்து டீ குடித்தோம். சர்க்கரை ஜாஸ்தி என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாபுகிட்ட சொல்லாத. அவன் மூஞ்ச நான் எப்டிப் பாப்பேன்?" என்றாள். சத்தியம் செய்தேன்.

நாற்பது நாள் கழித்து உன் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. "பாத்தியாம்மா, பதிமூனு வாட்டி விடாம எழுதினேன், நடந்துச்சு பாரு" என்று சிரித்தாய். பல மாதம் கழித்து நீ சிரித்தது அது. கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் அது உன் புகாரால் நடக்கவில்லை. புனேக்காரர்கள் உன் பேப்பர்களைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஆர்டர் கொடுத்தார்களே, அதற்கும் அதுதான் காரணம். பேங்க் வேலை அவளால் போனது, என்னாலும் போனது. மீதி வாழ்க்கைக்கு உன் பெயரை உனக்குத் திருப்பிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோபப்பட்டால் என்மேல் முதலில் படு. அவளாவது தாங்க முடியாமல் சொன்னாள், நான் தெரிந்தே மறைத்தேன்.

போகிற இடத்தில் உன் பேப்பர்களை யாருக்கும் கடன் கொடுக்காதே. வருஷத்துக்கு ஒருமுறை அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார். உனக்குப் பிள்ளை பிறந்தால், நம் வீட்டில் இதுவரை யாருக்கும் இல்லாத ஒரு பெயரை வை. உன் அப்பா முறைத்துக்கொள்வார், நான் பார்த்துக்கொள்கிறேன். அது பிறந்த தேதியையே எழுது. அப்புறம், உன்னைச் சேர்ந்தவர்கள் எதையாவது மறைக்கிறார்கள் என்று தெரிந்தால், சாப்பிடட்டும் என்று விட்டுவிடாதே. எழுப்பிக் கேள்.

கடைசியாக ஒன்று. கட்டாயம் இல்லை, மனசு வந்தால் செய். கடன் விவகாரம் முடிந்த பிறகு அந்தப் பெண் கூப்பிடுவதில்லை. வேறு யாரும் கூப்பிடுவதில்லை. பெரியம்மா போனைத் தினமும் சார்ஜ் போட்டு, சாயந்தரமானால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அங்கே வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும், மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த நம்பருக்குப் போடு. அவளுக்கு நம்பர் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாது, யார் என்று கேட்பாள். ஏகாம்பரம் பேசறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. பாபு பேசறேன் என்று சொல். வேலை முடிஞ்சு வந்துட்டேன் பெரிம்மா என்று சொல்.

அம்மா